வடகரையில் செருப்புக் காலோடு நடக்க

அனுப்புநர்:
இரா. அம்சம் (வயது 56),
க/பெ. இராஜாங்கம்,
கீழத்தெரு, நாணல்குடி,
திருப்பனந்தாள் வழி,
திருவிடைமருதூர் வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தஞ்சாவூர்.

பொருள்: நாணல்குடி பெரிய வாய்க்கால் வடகரைப் பொதுப்பாதையை மறித்துக் கட்டப்பட்டுள்ள மூங்கில் படலையும், "பாதரட்சை அணிந்து செல்லக் கூடாது" என்னும் பலகையையும் அகற்றக் கோருதல் – நோயுள்ள பெண்கள் வெயில் ஏறுமுன் நடக்க வழியின்றி இருத்தல் – தொடர்பாக.

பார்வை: ஊராட்சித் தலைவருக்கும் வட்டாட்சியர் அவர்களுக்கும் நான் நேரில் கொடுத்து ரசீது பெற்ற மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நாணல்குடி கீழத்தெருவில் குடியிருக்கும் அம்சம் ஆகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. பணிவு தங்கள் பதவிக்கு உரியது. கோரிக்கையில் அது குறைவாகத் தென்பட்டால் என் சுபாவம் அப்படி, பொறுத்தருள வேண்டும்.

1. இம்மனுவை எழுதித் தரச்சொல்லி, ஆட்சியர் கச்சேரி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் எவரையும் நான் நாடவில்லை. ஐந்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடத்திலும் மீதியை விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகையிலும் படித்தவள் நான். நடவுக் கூலிக்கு, மனைப்பட்டாவுக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு, தெருக்குழாய்க்கு என்று தங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பலருக்கும் என் கையெழுத்து பழக்கம். அவையெல்லாம் ஊருக்காகவும் தெருவுக்காகவும் எழுதியவை. என் சொந்த உடம்பை முன்னிட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாக இருக்கலாம். சொல்வதில் கோணல் இல்லை.

2. நான் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்த ஆதிதிராவிடப் பெண். நில உச்சவரம்புச் சட்டத்தின்கீழ் எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டாரிடமிருந்து எடுக்கப்பட்ட நிலத்தில் ஒரு துண்டு எங்களுக்குக் கிடைத்தது. பட்டா என் பெயரில் இருக்கிறது. அரசாங்கம் கொடுத்தது என்று சொல்வார்கள். கொடுத்தது உண்மை. ஆனால் கோர்ட்டுத் தடை, மறு தடை, பினாமிப் பெயர் என்று இழுத்தடித்ததை எல்லாம் தாண்டி, கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடையாய் நடந்து வாங்கியவர்கள் நாங்கள். பிறர் வயலில் குனிந்து நட்ட எங்கள் தெருப் பெண்கள் இன்று சொந்த வயலில் குனிகிறார்கள். இடுப்பு வலி என்னவோ அதே வலிதான். வலிக்கும்போது யாரையும் கேட்காமல் நிமிர்ந்துகொள்ளலாம். என் மகள் திருச்சியில் செவிலியர் வேலை பார்க்கிறாள். இதையெல்லாம் பெருமைக்குத்தான் எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

3. எனக்குச் சர்க்கரை நோய் உள்ளது. முதலில் ஆவாரம்பூ, வேப்பங்கொழுந்து, நாவல்கொட்டைப் பொடி என்று ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் தின்று பார்த்துவிட்டு, கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். மேலத்தெருவில் சிலர், கீழத்தெருவுக்கும் பணக்கார வியாதி வந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்கள். நிலம் வரத்தான் தாமதமாயிற்று, வியாதி தாமதிக்கவில்லை என்று நானும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். இப்போது காலையும் மாலையும் ஊசி. வீட்டில் குளிர்ப்பெட்டி கிடையாது. மருந்துக் குப்பியை ஒரு டப்பாவில் மூடி மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கிறேன். ஊசியை நானே போட்டுக்கொள்வேன். என் கணவர் இராஜாங்கம் அந்தக் காலத்தில் போலீஸ் தடியடிக்கு அசையாமல் நின்ற மனிதர். ஊசியைக் கண்டால் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

4. இந்த நோயில் பாதத்துக்கு உணர்ச்சி போய்விடும் என்பதைத் தாங்கள் அறிந்திருக்கலாம். மருத்துவர் அம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டு, தெரியும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். அவர் எப்போது ஆரம்பிப்பார் என்று நான் காத்திருந்தேன். முடிந்துவிட்டது, கண்ணைத் திறங்கள் என்றார். தினமும் நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

5. அதற்குப் பிறகு நடந்தது என் புத்திசாலித்தனத்தால் வந்தது. சென்ற ஆண்டு பங்குனியில் தாளடி நெல் அறுத்தோம். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்றதால் ஊராட்சியின் சிமெண்டுக் களத்தில் கொட்டிக் காயவைத்தேன். காயும் நெல்லைக் காலால் கிளறிவிடுவது எங்கள் வழக்கம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாதத்தை இழுத்து இழுத்து நடந்தால் நெல் வரிவரியாகப் புரண்டு அடிநெல் மேலே வரும். செருப்போடு களத்தில் இறங்குகிறவர் எங்கள் ஊரில் எவரும் இல்லை. சோறு போடும் நெல்லை அப்படி மிதிக்க மனம் வராது. மருத்துவர் நடக்கச் சொன்னதும் ஆயிற்று, நெல் காய்ந்ததும் ஆயிற்று, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று உச்சி வெயிலில் வெறுங்காலோடு களத்தில் நடக்கத் தொடங்கினேன். பக்கத்தில் தன் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த என் தெருக்காரி செவ்வந்தி சூடு தாங்காமல் நிழலுக்கு ஓடினாள். எனக்குச் சுடவே இல்லை. இந்தச் சூட்டுக்கே ஓடுகிறாயே, நீயெல்லாம் என்ன சம்சாரி என்று அவளைக் கேலி வேறு செய்தேன். சாயங்காலம் கால் கழுவும்போது தோல் கையோடு வந்தது. நெல் நன்றாகக் காய்ந்து நல்ல விலைக்குப் போயிற்று. என் இடது காலின் சுண்டுவிரலை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

6. கட்டுப் பிரித்த அன்று மருத்துவர் அம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இனிமே வெறுங்கால்ல ஓர் அடி வச்சீங்கன்னா, அடுத்தது விரல் இல்லம்மா, காலுதான்." பிறகு எம்.சி.ஆர். செருப்பு என்று மருத்துவமனையில் சொல்லும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டே நடக்க வேண்டும். நடையை நிறுத்தக் கூடாது. ஆனால் கோடையில் வெயில் ஏறுமுன் நடந்து முடித்துவிட வேண்டும், நிழல் உள்ள சமதரையாக இருக்க வேண்டும், தண்ணீரும் மிட்டாயும் கூடவே இருக்க வேண்டும், கிறுகிறுப்பு வந்தால் வீராப்புப் பண்ணாமல் உட்கார்ந்துவிட வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்பினார். வீராப்புப் பண்ணாமல் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். பேசிக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில் ஆளைக் கணித்துவிட்டார் போலும்.

7. அன்றிலிருந்து பெரிய வாய்க்கால் வடகரையில் நடந்தேன். எங்கள் ஊரில் அதைவிட நல்ல இடம் இல்லை. கரை நெடுகப் புங்கமரமும் நாவல்மரமும் கூரை போட்டதுபோல் நிற்கின்றன. கத்திரி வெயிலிலும் அங்கே தரை சுடாது. என்னோடு இரத்தக்கொதிப்பு உள்ள செவ்வந்தி வந்தாள். பள்ளிவாசல் தெரு ஹமீதா பானுவுக்கும் என்னைப் போலவே சர்க்கரை, அவரும் சேர்ந்துகொண்டார். என் கணவர் தண்ணீர்க் கேனையும் கடலை மிட்டாயையும் சைக்கிளில் மாட்டிக்கொண்டு பின்னால் வருவார். எங்கள் வேகத்துக்குச் சைக்கிள் ஓட்டினால் விழுந்துவிடுவோம் என்று பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் வருவார். கோடை முழுவதும் நடந்தோம், ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டும் நடந்தோம். எனக்கு ஊசி மருந்தின் அளவைக் குறைத்தார்கள். புண்ணும் ஆறிவிட்டது. ஹமீதா பானு மாடிப்படி ஏறுகிறார். எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் சிலர் தம் வீட்டுப் பெண்களையும் எங்களோடு அனுப்பினார்கள். செருப்பைப் பற்றி அதுவரை எவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

8. இந்த மாசி மாதம் வடகரை ஓரத்தில் உள்ள அம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. நானும் என்னால் ஆன நெல்லைக் கொடுத்தேன். அது முடிந்த சில நாளில் கோயில் கமிட்டிச் செயலாளர் திரு. சபாநாயகம் அவர்கள் கரையின் முகப்பில் பலகை ஒன்று நடச் செய்தார். புனிதத்தைக் காக்கக் கரைமேல் பாதரட்சை அணிந்து செல்லக் கூடாது என்பது அதன் வாசகம். கோயில் கரைக்குக் கீழே தனி மதிலுக்குள் இருக்கிறது. சன்னதிக்குள் செருப்போடு போகும் அளவுக்கு நான் அறிவு கெட்டவள் இல்லை. கரையோ வாய்க்கால் புறம்போக்கு. பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ளது. கிராம வரைபடத்தின் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்று இத்துடன் வைத்திருக்கிறேன். பலகையை நாங்கள் பொருட்படுத்தாமல் நடந்ததால், பங்குனியில் பாதையை மறித்து மூங்கில் படல் கட்டப்பட்டது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். நாங்கள் இடம்கூடக் கொடுக்கவில்லை.

9. படலைத் திறந்து மூட எங்கள் தெருவைச் சேர்ந்த சாமிதுரையையே நியமித்திருக்கிறார்கள். என் கணவருக்குத் தம்பி முறை. யாரைக் கொண்டு யாரை மறிக்க வேண்டும் என்பது கமிட்டிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. முதல் நாள் விடியற்காலையில் நாங்கள் போனபோது அவன் ஹமீதா பானுவைப் பார்த்து, நீங்கள் போகலாம் என்று படலைத் திறந்தான். அவர் காலிலும் செருப்பு இருந்தது. எங்கள் இருவரிடமும் வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "அண்ணி, கையில எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க" என்றான். ஹமீதா பானு திறந்த படலுக்குள் போகாமல் திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மேலத்தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் செருப்புக் காலோடு கரைமேல் போனார்கள். வண்டியில் போகிறவருக்குப் பாதரட்சை கணக்கில் இல்லையாம். இவ்விதி எல்லாருக்கும் பொது என்று கமிட்டி சொல்கிறது. இந்த ஐந்து பேரில் யார் நிறுத்தப்பட்டார்கள், யார் விடப்பட்டார்கள் என்பதை மட்டும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

10. சாமிதுரையின் பிழைப்பைக் கெடுக்க விரும்பாமல் நாங்கள் தார்ச்சாலைக்குப் போனோம். அதன் நிலைமையைத் தாங்கள் நேரில் பார்த்தால் தெரியும். சாலையை அகலப்படுத்தும்போது மரங்களை வெட்டியதோடு சரி. விடியலில் மணல் லாரிகள் வரிசையாகப் போகும். பெண்கள் ஓரத்தில் நடந்தால் புழுதிகூட அல்ல, சக்கரமே மேலே வரும். லாரி ஓய்ந்த பிறகு நடக்கலாம் என்றால் அதற்குள் வெயில் முதுகில் ஏறிவிடுகிறது. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம் அப்படி நடந்துகொண்டிருந்தபோது எனக்குக் கை நடுங்கி, கண் இருட்டி, பேச்சு குளறிவிட்டது. வீராப்பாகப் பேசுகிறேன் என்று செவ்வந்தி முதலில் நினைத்தாளாம். ஹமீதா பானுதான் கண்டுபிடித்து, மதகடி நிழலுக்கு இழுத்துப்போய் வாயில் மிட்டாயைத் திணித்தார். நினைவு தெளிந்தபோது என் கணவர் என் பாதங்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பு கழன்றிருந்ததால் தார் சுட்டிருக்குமோ என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பயம் வந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். அதன் பிறகு நான் நடக்கவில்லை. சர்க்கரை மறுபடியும் ஏறிவிட்டது. மருந்தையும் பழைய அளவுக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

11. செய்தி கேள்விப்பட்டு ஊராட்சித் தலைவர் திரு. சிங்காரவேலு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பதவிக்காலத்தைக் கழிக்க வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோயிலைத் தாண்டும்வரைதானே, நாலு எட்டு கையில் எடுத்துக்கொண்டு போனால் என்ன அக்கா என்று கேட்டார். கோயிலைத் தாண்டும் அந்த இடத்தில்தான் கருவேல முள் கொட்டிக் கிடக்கிறது, நத்தை ஓடும் உடைந்த பாட்டிலும் கிடக்கின்றன, குத்தினால் எனக்குத் தெரியாது என்றேன். கூட்டி வைக்கச் சொல்கிறேன் என்றார். ஒரு காலை இழந்தால் கூட்டிவிட்டு மறுபடி ஒட்டவைப்பீர்களா என்று கேட்டேன். காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

12. ஆனால் ஐயா, முள் மட்டும்தான் காரணம் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. கரையில் பஞ்சு மெத்தை விரித்து வைத்தாலும் செருப்பை நான் கையில் எடுப்பதற்கில்லை. அதன் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் பண்ணையாட்கள் செருப்புப் போடக் கூடாது என்று அந்தக் காலத்தில் பலகை எதுவும் இருந்ததில்லை. தேவைப்படவில்லை. என் தாய் தங்கம்மாள் கும்பகோணத்துச் சந்தையில் ஆசைப்பட்டு ஒரு ஜோடி வாங்கினார். ஊர் எல்லைவரை போட்டுக்கொண்டு வந்து, வடகரை முகப்பில் கழற்றித் துணி மூட்டைக்குள் செருகிக்கொள்வார். அந்தச் செருப்பு காலில் இருந்ததைவிட அக்குளில் இருந்த நேரம்தான் அதிகம். பட்டா கிடைத்து முதல் நடவுக்குப் போன அன்று, சங்கத்தில் முடிவு செய்து, எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் செருப்புப் போட்டு வடகரைமேல் நடந்தோம். அதில் பாதிப் பேருக்குச் செருப்பு சேரவில்லை, ஒருவர் செருப்பை இன்னொருவர் போட்டிருந்தோம். பண்ணை வீட்டு ஆட்கள் கரையோரம் நின்று பார்த்தார்கள், மறிக்கவில்லை. என் தாய் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பாதி தூரத்தில் திரும்பி, "ஏ அம்சம், எவ்வளவு சத்தம் கேக்குது பாருடி" என்றார். தன் செருப்பு தரையில் அடிக்கும் சத்தத்தைத்தான் சொன்னார். அதன் பிறகு அவர் சாகும்வரை அந்தக் கரையில் வெறுங்காலோடு நடந்ததில்லை. அன்று வாங்கியதை இன்று மூங்கில் படல் ஒன்றுக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

13. சென்ற வாரம் பள்ளிக்கூடத்தில் இருதரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். செயலாளர் சபாநாயகம் அவர்கள் பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார்: "நீ டாக்டர் சீட்டு கொண்டா அம்சம். நோயாளின்னு சொல்லி உனக்கு மட்டும் விட்டுடுறோம். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க." அவர் என்னைவிட இளையவர் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். கூட்டத்தில் எல்லாருக்கும் முகம் தெளிந்துவிட்டது. தலைவர் சிங்காரவேலு அப்போதே எழுந்துவிட்டார். என் கணவர்கூட என் பக்கம் திரும்பினார். வாங்கிக்கொள் என்று அவர் கண்ணிலேயே இருந்தது. மதகடியில் என் பாதத்தை மடியில் வைத்திருந்த மனிதர், அவரை நான் குறை சொல்லவில்லை.

சீட்டு அப்போது என் மடியிலேயே இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் மறுநாள் விடியலில் நான் நிழலில் நடந்திருப்பேன். செவ்வந்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வந்திருப்பது இரத்தக்கொதிப்பு. அதற்குச் செருப்புச் சீட்டுக் கொடுக்க மாட்டார்கள். அவள் மகள் கல்லூரிக்குப் பஸ் பிடிக்கக் காலையில் அந்தக் கரைவழியாகத்தான் ஓடுகிறாள்; அந்தப் பெண்ணுக்குக் கடவுள் புண்ணியத்தில் ஒரு நோயும் இல்லை. படலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்வருகிறாள். அவளை நினைத்ததும் எனக்கு நாக்கு நிற்கவில்லை. "சீட்டு என் மடியிலதான் இருக்குங்க. எடுக்க மாட்டேன். செருப்புப் போட்டு நடக்க எங்க தெருப் பொண்ணுக்குச் சர்க்கரை வரணுமாங்க?" என்று கேட்டேன். கூட்டம் அதோடு கலைந்தது. வரும் வழியெல்லாம் என் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் அதை நிறுத்திவிட்டு, சரியாகத்தான் கேட்டாய் என்றார்.

14. இதைச் சாதிச் சண்டையாக்காமல் எழுது என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன பெயர் என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதும் எனக்குத் தெரியும். போலீஸ் நிலைய வாசல் எனக்குப் புதிதல்ல. அங்கே போவதற்குமுன் தங்களிடம் வந்திருப்பது ஊரில் எல்லாரும் நாளைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும் என்பதால்தான். கோயிலுக்கு எதிராகவும் நான் இல்லை. ஆடியில் கூழ் ஊற்றும்போது அதே அம்மனுக்கு நானும் வரிசையில் நிற்பேன், செருப்பை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு.

15. ஆகவே தங்கள் சமூகத்தில் நான் கோருவன:

(அ) வடகரை வாய்க்கால் புறம்போக்கில் அனுமதியின்றிக் கட்டப்பட்ட படலையும் பலகையையும் உடனே அகற்ற ஆணையிட வேண்டும். அக்கினி நட்சத்திரம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று கீழ் அலுவலகத்தில் கோப்பைக் கட்டி வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் கோப்புக்குக் காத்திருப்பதில்லை.

(ஆ) கரையில் உள்ள கருவேல முள்ளையும் கண்ணாடித் துண்டுகளையும் அகற்ற வேண்டும். செருப்புப் போட்டவருக்கும் முள் முள்தான்.

(இ) படல் போனால் சாமிதுரைக்கு வேலை போகும். அவனுக்கு ஊராட்சியில் வேறு வேலை தரப் பரிந்துரைக்க வேண்டும். அவன் எங்களை மறித்தான் என்று அவன்மேல் நடவடிக்கை எதுவும் கூடாது.

(ஈ) எனக்கென்று தனியாக விலக்கோ சலுகையோ அனுமதியோ தரக் கூடாது. இதை எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

16. நோயைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதியது, நாள் தள்ளினால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே. கால் போனால் போகட்டும், மானம்தான் பெரிது என்று எழுதினால் படிக்க எடுப்பாக இருக்கும். சங்க மேடையில் நானே அப்படிப் பேசியிருப்பேன். இப்போது அப்படி எழுத மாட்டேன். ஐயா, எனக்குக் கால் வேண்டும். இன்னும் நடவு இருக்கிறது, மகள் கல்யாணம் இருக்கிறது, அழுதுகொண்டு என் பாதத்தைத் தடவும் ஒரு மனிதர் இருக்கிறார். காலும் வேண்டும், அதில் செருப்பும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்ல எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் கிடையாது.

இனி தார்ச்சாலையில் நடப்பதாக இல்லை. இம்மனுவைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பி, நாளை விடியற்காலை நானும் செவ்வந்தியும் ஹமீதா பானுவும் செருப்புக் காலோடு வடகரை முகப்புக்குப் போவோம். செவ்வந்தியின் மகளும் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். படல் திறந்திருந்தால் நடப்போம். மூடியிருந்தால் அதற்கு முன்னால், மரநிழலில், தண்ணீரும் மிட்டாயும் வைத்துக்கொண்டு நிற்போம். கத்த மாட்டோம், படலைத் தொட மாட்டோம். தங்கள் அலுவலர் எந்த நாள் வந்தாலும் எங்களைத் தேட வேண்டியிருக்காது.

தங்கள் ஆணையை எதிர்நோக்கி நிற்கும்,

இரா. அம்சம்
(கையொப்பம்)

இடம்: தஞ்சாவூர், மக்கள் குறைதீர் நாள் கூட்டம்
நாள்: 14.05.2007

இணைப்பு:
1. நாணல்குடி கிராம வரைபட நகல் – வடகரை புறம்போக்கு சிவப்பு மையில் காட்டப்பட்டுள்ளது.
2. முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள்.
3. மருத்துவச் சான்று – கைவசம் உள்ளது. இணைக்கப்படவில்லை.